வாய் மட்டும் அசையுது

"நல்லாப் பாருங்க தம்பி, பழுது இல்லாம இருக்காது" என்றாள் அந்த அம்மா, மூன்றாவது முறையாக.

நாற்பதைத் தாண்டி மீசையில் நரை எட்டிப் பார்த்த பிறகும் தன்னைத் தம்பி என்று கூப்பிட ஒருவர் இருப்பதில் மெக்கானிக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான். ஆனால் ஒரே கம்ப்யூட்டருக்காக ஒரே மாதத்தில் மூன்றாம் தடவை வந்து நிற்பதில் எரிச்சலும் இருந்தது. ஸ்பீக்கர் கணீரென்று பாடியது. மைக்கில் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று பதிவு செய்து திருப்பிப் போட்டால், அவன் குரல் அவனுக்கே பிடிக்காத அளவுக்குத் தெளிவாகக் கேட்டது.

"எல்லாம் சரியாத்தாம்மா இருக்கு. நீங்க பேசறது எதிர்ப்பக்கம் நல்லாக் கேக்கணுமே?"

"கேக்கலேன்னுதானே சொல்றான்! ரெண்டு மாசமா இதே கதை. அவன் பேசறது எனக்குக் கேக்குது, நான் பேசறது அவனுக்குக் கேக்கல. இருங்க, பதினோரு மணிக்குக் கூப்பிடுவான். நீங்களே பாருங்க."

அவன் என்றால் அவளுடைய தம்பி. வெளிநாடு போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அப்பா, அம்மா போன பிறகு அவனைப் படிக்க வைத்து ஆளாக்கியவள் இவள்தான். அந்த மும்முரத்தில் தன் கல்யாணத்தைக் கோட்டை விட்டாள். இப்போது வாரம் முழுக்க அவளுக்குத் துணை நாலு சுவர்தான். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மட்டும் ஒரு முகம்.

அந்த முகத்துக்காக இஸ்திரி போட்ட புடவை கட்டியிருந்தாள். கையில் ஒரு தாள். தம்பியிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அதில் வரிசையாக எழுதி வைத்திருந்தாள். கடைவாய்ப் பல் பிடுங்கியது. மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்து போனது. மூன்று நாள் காய்ச்சல். சொல்லி முடித்தால் அடிப்பதற்குப் பக்கத்தில் பென்சிலும் இருந்தது. இதுவரை எதையும் அடிக்கவில்லை.

மெக்கானிக் கேமராவில் படாமல் மேஜை ஓரமாக ஒதுங்கிக்கொண்டான். அங்கிருந்து திரை நன்றாகத் தெரிந்தது.

சொல்லி வைத்தாற்போல் அழைப்பு வந்தது. திரையில் தம்பி சிரித்தான்.

"என்னக்கா, எப்படி இருக்கே?"

"நல்லா இருக்கேண்டா. போன வாரம் மூணு நாள் காய்ச்சலா..."

"ஒண்ணுமே கேக்கலக்கா. உன் வாய் மட்டும்தான் அசையுது. மெக்கானிக்க வரச் சொன்னியா இல்லியா?"

மெக்கானிக்குக் கை பரபரத்தது. ஒயரைப் பார்க்கலாமென்று குனிந்தான். முழங்கை இடித்து மேஜையிலிருந்த திருகாணி டப்பா கீழே விழுந்தது. தகர டப்பா. வீடே அதிர்ந்தது.

திரையில் தம்பிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஒரு நொடிதான். உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டு, "சரிக்கா, நல்ல ஆளாப் பார்த்துக் காட்டு. அடுத்த வாரம் பேசலாம்" என்று மறைந்துபோனான்.

மெக்கானிக் அவசரமாக அவளைத் திரும்பிப் பார்த்தான். நல்லவேளை, அவள் குனிந்து திருகாணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இதை இந்த அம்மாவிடம் எந்த வாயால் சொல்வது?

"கண்டுபிடிச்சிட்டேம்மா" என்றான், கொஞ்சமும் கூசாமல். "மைக்தான் உள்ளுக்குள்ள கெட்டுப் போயிருக்கு. நிஜமாவே பழுதுதான். வேற யார் மேலயும் தப்பில்ல."

அவள் முகம் மலர்ந்தது. பாவம், எவ்வளவு நம்புகிறாள் என்று நினைத்தான்.

"அடுத்த வாரத்துக்குள்ள புதுசு மாட்டிக் குடுத்துடறேம்மா."

"அவசரமே இல்ல தம்பி." திருகாணிகளை டப்பாவில் போட்டு மூடி அவன் கையில் கொடுத்தாள். தாளை மடித்து மேஜை இழுப்பறையில் வைத்தாள். "நீங்க அப்பப்ப வந்து பழுதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க, போதும். போன மாசம் குக்கர் விசில் அடிச்சப்பவும் அவன் இப்படித்தான் துள்ளி விழுந்தான். பேசியே ஆகணும்னு வந்தா கூப்பிடறதையே விட்டுடுவான். பழுது இருக்கற வரைக்கும் வாரத்துக்கு ஒரு தடவை முகத்தையாவது காட்டுவான்."