நிமிசத்துக்கு ஒரு விலை

“ஏழு சதம் ஏறிட்டுது” என்று தண்ணீர்த் தாங்கியின் உச்சியில் நின்று கத்தினார் அமிர்தநாயகம்.

ஓலைத்தொடுவாயில் அவருடைய வளவுக்குள் போனுக்கு சிக்னல் கிடைப்பது அங்கே மட்டும்தான்.

கீழே ஏணியடியில் நின்ற மனைவி லூசியாவுக்கு அந்த ஏழு சதத்தில் எந்த அக்கறையும் இல்லை. “எனக்கு மியூச்சுவல் ஃபண்ட்தான் வேணும்” என்றாள்.

மகன் றொகான் தலையில் கைவைத்தான். மறுநாள் அவன் கனடாவுக்குத் திரும்ப வேண்டும். தாய் தகப்பனின் கடைசிக் காலத்துக்கென்று அங்கே ஒரு தொகை போடப்போகிறான். எதில் போடுவது என்று இரண்டு பேரும் ஒரே பதில் சொன்னால் போதும். ஆனால் அவர்கள் ஒரே பதில் சொல்லி அவன் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை.

“அம்மா, ரெண்டும் கன கம்பனியளின்ர பங்குகளைச் சேர்த்துக் கட்டின பொதிதான். அப்பா கேக்கிற ஈ.ரி.எஃப் எண்டால் சந்தை திறந்திருக்கிற நேரம் முழுக்க விலை மாறும். நினைச்ச உடன விக்கலாம். மியூச்சுவல் ஃபண்டுக்கு நாளுக்கு ஒரு விலைதான். அதையும் சந்தை மூடின பிறகுதான் சொல்லுவினம்.”

“அது காணும், அதுவே போதும்.”

“அதில கட்டணமும் கூட. எந்தப் பங்கு வாங்கிறதெண்டு பாக்க ஒரு மனேஜர் இருப்பார். அவருக்கும் குடுக்கோணும்.”

“பாவம், அவருக்கும் பிள்ளை குட்டி இருக்குமெல்லே. குடு.”

“லூசியா, விளங்காட்டி விளங்கேல்லை எண்டு சொல்லு” என்றது மேலேயிருந்து குரல். “இப்ப மூண்டு சதம் இறங்கிட்டுது. உன்ர ஃபண்டில இந்தப் புதினம் பாக்கலாமே?”

இரவுத் தொழுகை முடித்துப் பள்ளியால் வந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டு ஜெஸீம் வேலியால் எட்டிப் பார்த்தார். “என்னண்ணை, தண்ணி முடிஞ்சுதோ?”

“தண்ணி இல்லை ஜெஸீம், சந்தை.”

ஜெஸீம் தன் வீட்டுத் தாங்கியையும் ஒருமுறை சந்தேகமாகப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

றொகானுக்குப் பொறுமை போய்விட்டது. அப்பா இந்த வயதில் புதிதாக ஒன்றைப் படித்துவிட்டுத் துள்ளுகிறார். அம்மாவோ கூடக் காசு கொடுத்துக் குறைவாக வாங்க அடம்பிடிக்கிறாள். படிக்காத பிடிவாதம் என்பது இதுதான் என்று நினைத்துக்கொண்டான்.

“ஒரு காரணம் சொல்லுங்கோ அம்மா. ஒண்டே ஒண்டு.”

“கனடாச் சந்தை எத்தனை மணிக்குத் திறக்கும்?”

“எங்கட நேரம் இரவு ஏழுக்கு. நடுச்சாமம் தாண்டித்தான் மூடும்.”

“மற்றதின்ர விலை?”

“விடிஞ்சாப் பிறகு பாக்கலாம்.”

லூசியா நிமிர்ந்து பார்த்தாள். இருட்டுக்குள் அமிர்தநாயகம் இடுப்பில் கட்டியிருந்த வெள்ளைச் சாரம் மட்டும் அங்குமிங்கும் அசைந்தது. அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“நீ அவருக்கு அந்த விலையைப் போனில காட்டின நாளில இருந்து, ஒவ்வொரு இரவும் இந்த ஏணியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன் தம்பி. விடியவெண்டால் ஒருக்காத்தான் ஏறுவார், அதுவும் வெளிச்சத்தில. அந்த மனேஜர் எவ்வளவு கேட்டாலும் குடு ராசா, எனக்கு உன்ர அப்பர் முழுசா வேணும்.”