படத்துக்குப் பின்னால் கண்ணாடி

ஆர்க்கிடெக்ட் ஐயாவின் நினைவுக் கூட்டம் நடக்கிறது. அவரும் கூட்டாளியும் சேர்ந்து தொடங்கிய கம்பெனியின் கூடம் இது. இதன் சுவரை எழுப்பிய மேஸ்திரி நான். மாலை வெயில் சுவரில் தொங்கும் அவர் படத்தின் மேல் சாய்ந்து விழுகிறது. கூட்டாளி மைக்கில் உருகுகிறார். உருகட்டும், நான் நம்பவில்லை. போன மாதம்தான் அந்தச் சுவரில் விழுந்த விரிசலுக்குக் குறுக்கே ஐயா என்னை ஒரு கண்ணாடித் துண்டை ஒட்ட வைத்தார். "சுவரு நகர்ந்தா இது உடையும். உடைஞ்சா ஒரு ஆளும் உள்ள இருக்கக் கூடாது, மேஸ்திரி" என்றார். கூட்டாளி சரியாக அந்த இடத்தில்தான் படத்தை மாட்டியிருக்கிறார். நான் எழுந்து போய்ப் படத்தை ஓரமாக நகர்த்திப் பார்க்கிறேன். நான் ஒட்டிய கண்ணாடி இரண்டாகப் பிளந்திருக்கிறது. இடுக்கில் என் நகம் நுழைகிறது. கூட்டாளி மைக்கைப் பொத்திக்கொண்டு, "தெரியும் பெரியவரே. கூட்டம் முடியட்டும், மானத்த வாங்காதீங்க" என்கிறார். "மானம் தலையில விழாதுய்யா, சுவரு விழும்" என்று சொல்லிவிட்டு, விரிசல் எல்லோர் கண்ணிலும் படட்டும் என்று படத்தைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்புகிறேன். படத்தைக் கண்டதும் இருநூறு பேரும் எழுந்து, தலையைக் குனிந்து, கண்ணை மூடி அஞ்சலிக்கு நிற்கிறார்கள். அந்த மௌனத்தில் என் முதுகுக்குப் பின்னால் சிமெண்டுத் தூள் உதிர்வது நன்றாகவே கேட்கிறது.