இன்னும் நாற்பது பக்கம்

“இன்னும் நாப்பது பக்கம்தான் டீச்சர். முடிச்சிடுவா. அதுவரைக்கும் கூட்டத்தை வெச்சுடாதீங்க.”

நாயின் சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு, காலை நடையிலிருந்து திரும்பியவர் கூடத்தில் நின்று கெஞ்சினார். முப்பது வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவர். எந்த மாடியில் யார் சிக்கிக்கொண்டாலும் பத்து நிமிடத்தில் வெளியே எடுத்துவிடுவார். தன் வீட்டு பால்கனியில் சிக்கிக் கிடப்பவளை எடுக்கத்தான் வழி தெரியவில்லை.

எதிர்வீட்டு டீச்சர் பால்கனிப் பக்கம் பார்த்தாள். அவர் நடக்கப் போகும் நேரத்தில் தினமும் வந்து அவர் மனைவிக்குத் துணையாக உட்கார்ந்திருப்பவள் அவள்தான். வாசகர் வட்டத்தைக் கூட்டுவதும் அவள்தான். மொத்தம் ஏழு பெண்கள், மாதம் ஒரு புத்தகம். கடைசி ஆள் படித்து முடிக்கும்வரை மற்றவர்கள் கதையைப் பற்றி மூச்சு விடக் கூடாது. அந்தச் சட்டத்தைப் போட்ட அவர் மனைவியே இப்போது கடைசி ஆளாக பால்கனியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

ஒரு காலத்தில் அந்த பால்கனியில் சத்தம் ஓயாது. காய்க்காத தக்காளிச் செடியைத் திட்டுவாள். படித்த கதையை நாயிடம் ஒப்பிப்பாள். நாள் முழுக்கத் தூங்கிவிட்டு மாலையில் எழுந்து எல்லோரையும் பார்த்துக் குரைப்பதால் நாய்க்கு ‘மேனேஜர்’ என்று பெயர் வைத்ததும் அவள்தான். மூன்று மாதம் முன்பு அவளுடைய அம்மா இறந்தாள். கடைசி ஒரு வருடம், பெற்ற மகளையே ‘நீ யாரும்மா?’ என்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் போனாள். அந்தத் துக்கத்தில் இவள் பேச்சு குறைந்தது. பிறகு நின்றே போனது.

“பையன் என்ன சொல்றான் அண்ணே?”

“ஞாயித்துக்கிழமை வண்டியோட வரானாம். மனசு சரியில்லாதவங்களுக்கு ஏதோ இல்லம் இருக்காம், பாத்து வெச்சிருக்கான். கூட்டிட்டுப் போயிட்டா இவ திரும்பி வருவாளான்னே தெரியல டீச்சர்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“டேய், உங்கம்மா தினம் அஞ்சு பக்கம் படிக்கிறாடா, அடையாளத்துக்குப் பக்க நடுவுல வெக்கற அட்டை நகருதுடா, என் கண்ணால பாக்கறேன்னேன். செடிக்கெல்லாம் அவதான் தண்ணி ஊத்தறான்னேன். கொஞ்சம் யோசிச்சான். ‘சரிப்பா, புத்தகத்தை முடிச்சு அவங்க கூட்டத்துல போய் உக்காந்தாங்கன்னா நான் வாயைத் திறக்கல’ன்னுட்டான்.” அவர் குனிந்து சங்கிலியை அவிழ்த்தார். “அந்த அட்டைதான் டீச்சர் என்னை நடமாட வெச்சிட்டிருக்கு.”

டீச்சர் மேசை மேல் கிடந்த புத்தகத்தை எடுத்து, திரும்ப வைத்தாள். மேனேஜர் இரண்டு சுற்றுச் சுற்றி நாற்காலிக்கு அடியில் படுத்தது. தெருவில் ஒரு வண்டி நின்று, கிளம்பிப் போனது.

“உக்காருங்க அண்ணே.”

“ஏன், என்ன?”

“உக்காருங்க.”

உட்கார்ந்தார்.

“அந்த அட்டையை நகத்தறது நான்தான்.”

அவருக்கு உடனே புரியவில்லை.

“நடந்துட்டு வந்ததும் செருப்பைக்கூடக் கழட்டாம நீங்க அந்தப் புத்தகத்தைத்தான் எடுத்துப் பாப்பீங்க. முதல் வாரம் முழுக்க அட்டை இருந்த எடத்துலயே இருந்துச்சு. உங்க மூஞ்சியைப் பாக்க முடியல. ஒரு நாள் அஞ்சு பக்கம் தள்ளி வெச்சேன். அன்னிக்கு நீங்களே போய் டீ போட்டு எனக்கும் ஒரு கிளாஸ் குடுத்தீங்க. அப்புறம் நிறுத்த மனசு வரல. எடுப்பேன், அஞ்சு பக்கம் தள்ளுவேன், வெச்சிடுவேன்.”

அவர் புத்தகத்தை எடுத்து அட்டை இருந்த இடத்தில் பிரித்தார்.

“அப்ப அவ படிக்கவே இல்லையா?”

“நான் பாத்து அக்கா புத்தகத்தைத் தொட்டதே இல்ல அண்ணே.”

அவர் சிரிக்கப் பார்த்தார். உதடு ஒத்துழைக்கவில்லை.

“நான் மட்டும் என்ன யோக்கியனா? செடிக்குத் தண்ணி ஊத்தறது நான். அவ எழுந்திருக்கறதுக்கு முன்னாடியே ஊத்திட்டு வந்து படுத்துக்குவேன். பையன் ஃபோன்ல பாக்கறப்போ பச்சையா தெரியணும்ல.” உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நீங்க என்னை ஏமாத்தியிருக்கீங்க. நான் அவனை ஏமாத்தியிருக்கேன். நடுவுல அவ, பாவம், ஒண்ணுமே செய்யாம உக்காந்திருக்கா.”

“என்னை மன்னிச்சிடுங்க அண்ணே.”

“உங்களை எதுக்கு மன்னிக்கணும்? ரெண்டு மாசம் நம்ப வெச்சீங்களே.”

அவர் ஃபோனை எடுத்தார். இரண்டாவது தடவைதான் மகனின் எண் சரியாக விழுந்தது.

“டேய்... ஞாயித்துக்கிழமை வந்துடுடா. ஆமா. கூட்டிட்டுப் போயிடு. இல்ல, இல்ல, புத்தகம் முடியாது.”

ஃபோனை மேசையில் கவிழ்த்து வைத்தார். பால்கனி நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மேனேஜர் தலையைத் தூக்கியது. அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“அப்ப அதெல்லாம் நான் மறந்தது இல்லையா?”

பேசாமல் கிடந்த குரல், கரகரத்து வந்தது.

“முதல் வாரம் தொடல. அப்புறம் மத்தியானம் நீங்க தூங்கினப்புறம் ஒரு பக்கம், ரெண்டு பக்கம் படிச்சு அட்டையை வெப்பேன்” என்றாள், கணவனைப் பார்த்து. “மறுநாள் எடுத்தா அது எங்கயோ தள்ளி இருக்கும். நடுவுல என்ன படிச்சேன்னு ஒரு வரி ஞாபகம் வராது. தொட்டியெல்லாம் ஈரமா இருக்கும், எப்ப ஊத்தினேன்னும் தெரியாது. அம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்துடுச்சுன்னு நெனச்சேன், பேசினா நீங்க கண்டுபிடிச்சிடுவீங்கன்னுதான் வாயே திறக்காம இருந்தேன்.”