பவனிக்கு மறுநாள்

ஏழாம் நம்பர் அறையிலிருந்து மாட்டுக்கொட்டில் வாடை வந்தது.

பட்டாசுக் கம்பெனியில் ஏது மாடு? திங்கட்கிழமை காலையில் வேலைக்கு வந்த முப்பது பேரும் அந்த வாடை மூக்கில் ஏறிய நொடியில் அப்படியே நின்றுவிட்டார்கள். கலந்து வைத்த வெடிமருந்து ஈரம் பட்டு உள்ளுக்குள் வேகும்போதுதான் அந்த வாடை வரும். எப்போது பற்றும் என்று அதற்குத்தான் தெரியும்.

கலந்த மருந்தில் ஒரு சிட்டிகைகூட ராத்திரி அறையில் தங்கக் கூடாது. சிவகாசியில் பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூட இது தெரியும். பதினோரு வருஷமாக மருந்து கலக்கிற அருளப்பனுக்குத் தெரியாதா?

தெரிந்துதான் செய்தான். சனிக்கிழமை மூன்று மணிக்கு, மீந்துபோன அரைத் தட்டு மருந்தை மூடி வைத்து, அறையைச் சாத்திவிட்டு சைக்கிளில் பறந்தான். மறுநாள் கிறிஸ்து அரசர் பெருவிழா. பவனி வரும் தெருவில் வளைவு கட்ட ஆள் போதவில்லை. அரசர் வருகிற வேலையைவிட இந்த அரைத் தட்டு மருந்தா பெரிது என்று அப்போது தோன்றியது.

ஞாயிறு விடியற்காலையில் மழை அடித்தபோதுகூட, தோரணம் நனைகிறதே என்றுதான் கவலைப்பட்டான்.

பவனியில் கொடி பிடித்தவன் அவன்தான். "கிறிஸ்து அரசர் வாழ்க!" என்று அவன் போட்ட சத்தத்துக்குக் கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது.

இப்போது ஒரு வார்த்தை போதும். நான் வைத்த மருந்து, நானே போய் எடுக்கிறேன். அந்த வார்த்தை வாய்வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. வீட்டிலிருக்கும் கைக்குழந்தையை நினைத்துக்கொண்டான். அதுவும் ஒரு சாக்குதான். உண்மையில் அவனுக்குப் பயம்.

போர்மேன் சீனிச்சாமி யாரையும் எதுவும் கேட்கவில்லை. நெற்றி நிறையத் திருநீறும் வாய் நிறைய வசவுமாகத் திரிகிற மனுஷன். அவர் முதலில் எல்லோரையும் மண்மேட்டுக்கு அந்தப் பக்கம் விரட்டினார். செருப்பைக் கழற்றினார். உரசிப் பொறி தட்டிவிடக் கூடாதென்று வாட்சையும் சாவிக்கொத்தையும் இடுப்பில் கிடந்த வெள்ளி அரைஞாணையும் அவிழ்த்து, திரி முறுக்குகிற சண்முகத்தாயிடம் கொடுத்தார். தீயணைப்பு வண்டி வரட்டுமே என்று அவள் அழுதாள்.

"குடோன் நெறைய லோடு நிக்கி தாயி. அது புடிச்சா சுவருக்கு அங்கிட்டுக் காலனியே இருக்காது. குனிஞ்சு கெடங்க எல்லாரும்."

வெறுங்காலோடு உள்ளே போனார்.

அருளப்பன் விசுவாசப் பிரமாணச் செபம் சொல்லத் தொடங்கினான். முப்பது வருஷமாகச் சொல்லிவந்தது பாதியில் மறந்துபோயிற்று.

சீனிச்சாமி தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தார். தூங்குகிற பிள்ளையைத் தூக்கி வருகிற மாதிரி, ஒரு குலுங்கல் இல்லை. பொட்டலில் கழிவு மருந்து கொட்டுகிற குழிக்கு அறுபது தப்படி இருக்கும். அத்தனையும் நிதானமாக நடந்தார். குழியில் தட்டை இறக்கினார். திரும்பி இருபது தப்படி வந்திருப்பார், முதுகுக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு வெளிச்சம் எழுந்தது. அதற்கப்புறம்தான் சத்தம்.

குப்புற விழுந்தவர் எழுந்து உட்கார்ந்தார். தீய்ந்த சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டே அந்த மருந்தின் ஏழு தலைமுறையையும் திட்டினார். மண்மேட்டுக்குப் பின்னால் பெண்கள் அழுதுகொண்டே சிரித்தார்கள்.

நேற்று பங்குச் சாமியார் முக்கால் மணி நேரம் பிரசங்கம் வைத்தார். நம் அரசர் படையை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் நிற்கிறவர் இல்லை, சாவு இருக்கிற இடத்துக்கு முதல் ஆளாகப் போகிறவர் என்றார். அருளப்பன் முதல் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினான். எப்பேர்ப்பட்ட அரசர் என்று இப்போதுதான் அவனுக்கு உறைத்தது. உறைக்க வைத்தவர் மாதா கோயில் படியை ஒருநாளும் மிதிக்காத மனுஷன்.

முதலாளியின் ஸ்கார்ப்பியோ புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. மருந்தை வைத்தது யார் என்று கேட்டார். சனிக்கிழமை கலந்தவர்கள் மூன்று பேர். எந்த அறையில் யார் என்று எழுதி வைக்கிற பழக்கம் அங்கே கிடையாது.

"நாந்தான் மொதலாளி. சாம்பிளுக்குக் கொஞ்சம் கலந்தேன். மறந்துட்டேன்" என்றார் சீனிச்சாமி.

முதலாளி சாவிக்கொத்துக்குக் கை நீட்டினார். மருந்தை மறந்துவிட்டுப் போன போர்மேனை நாரணாபுரத்திலிருந்து ஆமத்தூர் வரைக்கும் எந்தக் கம்பெனியிலும் சேர்க்க மாட்டார்கள். இருபத்திரண்டு வருஷச் சர்வீஸ் அத்தோடு முடிந்தது.

சண்முகத்தாயிடமிருந்து சாவியை வாங்கத் திரும்பியபோது, சீனிச்சாமியின் வேட்டி மடிப்பிலிருந்து ஒரு தாளின் முனை வெளியே வந்தது. அவர் சட்டென்று உள்ளே தள்ளினார். அதற்குள் அருளப்பன் பார்த்துவிட்டான்.

சனிக்கிழமை அவசரத்தில் கைக்குக் கிடைத்ததை எடுத்துத் தட்டை மூடியிருந்தான். அந்தத் தாள்தான் இது, விழாவின் மஞ்சள் நோட்டீஸ். மேலே கிரீடத்தோடு கிறிஸ்து அரசர், நடுவில் பவனி நேரம், கீழே விழாக்குழுவில் பதினாலாவது பெயராக அவன் பெயர்.

சீனிச்சாமி அவனை ஒரு முறை முறைத்தார். பேசாமல் இருலே என்று அதற்கு அர்த்தம்.

அருளப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான்.

"அவுக இல்ல மொதலாளி. நான்."