எதிர் மேடு

கோலான் குன்றுகளை இஸ்ரேல் பிடித்தபோது முனீஃப் சிரிய ராணுவத்தில் இருந்தான். அம்மா பிடிபட்ட பக்கத்தில், குன்றின் மேலிருந்த ஊரிலேயே தங்கிவிட்டாள். ஆறு வருஷம் கழித்து மறுபடி போர் மூண்டது. அவன் ஓட்டிய டாங்கி ஊருக்கு எதிர் மேடு வரை வந்துவிட்டது. வீட்டு வாதுமை மரம்கூடத் தெரிந்தது. அங்கேயே நில்லுங்கள் என்று உத்தரவு. பகல் முழுக்க நின்றார்கள். மறுநாள் பின்வாங்கினார்கள்.

அதன்பின் பள்ளத்தாக்கில் போட்ட எல்லை முள்வேலிக்கு இருபுறமும் நின்று ஒலிபெருக்கியில்தான் அம்மாவும் பிள்ளையும் பேசிக்கொண்டார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் அவன் அந்த நாளுக்கே வந்துவிடுவான்.

“அன்னிக்கு மட்டும் எங்களை நிறுத்தாம இருந்திருந்தா ஊரைப் பிடிச்சிருப்போம்மா! நாம ஒரே வீட்டுல இருந்திருப்போம்!”

இருபது வருஷமாக “ஆமாப்பா” என்றே சொல்லிவந்தவள், இம்முறை அப்படிச் சொல்லவில்லை. அவள் குரல் பள்ளத்தாக்கைத் தாண்டி வந்தது.

“டாங்கிச் சத்தம் கேட்டு ரொட்டி சுட்டு வச்சேன்டா. பொழுது சாயுற வரைக்கும் வாசல்லயே நின்னேன். ஊரைப் பிடிக்கலேன்னா என்ன, நீ இறங்கி நடந்து வந்திருக்கலாமே?”

முனீஃப் ஒலிபெருக்கியை வாயருகே கொண்டுபோனான். அவன் மூச்சு மட்டும் எதிர் மேட்டில் மோதித் திரும்பி வந்தது.