பரவாயில்லைக்கா

"உள்ளே என்ன இருக்குன்னு தெரியாமலே முழுங்கப் போறியா, சின்னு?"

அக்கா புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். 'முழுக்க முழுக்க இயற்கை' என்று பெரிதாகப் போட்டிருந்ததே தவிர, எந்தப் பொருள் எவ்வளவு என்று எங்குமே இல்லை. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்க்கிறவளுக்கு அதைப் பார்த்ததுமே பற்றிக்கொண்டு வந்தது.

"மூலிகைதானேக்கா. டாக்டர் குடுத்த மாத்திரை மாதிரி தூக்கம் வராது," என்றாள் தங்கை. பேச்சு அதோடு முடிந்தது.

தங்கை பெண்களுக்கு முடி வெட்டும் பார்லரில் வேலை செய்தாள். நாள் முழுக்க நின்றபடி, கைகளைத் தூக்கியபடியே இருக்கிற வேலை. தோளில் ஆரம்பித்த வலி, கொஞ்சம் கொஞ்சமாக முதுகு, இடுப்பு, முழங்கால் என்று உடம்பு முழுக்கக் குடிவந்துவிட்டது. ரத்தம், எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்தார்கள். எதிலும் ஒன்றுமில்லை. கடைசியில் ஒரு டாக்டர் அதற்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர் சொன்னார். சோதனையில் தெரியாது, ஆனால் வலி நிஜம் என்றும் சொன்னார். அவர் கொடுத்த மாத்திரையில் தங்கை தூங்கி வழிந்தாள். ஒரு பெண்ணின் காதோரம் கத்தரி தடுமாறிய அன்று, மாத்திரையை நிறுத்திவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் இயற்கை வைத்தியம். யார் எதைச் சொன்னாலும் செய்தாள். மஞ்சள், இஞ்சிச் சாறு, மீன் எண்ணெய், மெக்னீசியம், உப்புக் கரைத்த வெந்நீர்க் குளியல். ஒவ்வொன்றையும் ஆரம்பிக்கும்போது முகம் தெளியும். சில வாரங்களில் மறுபடி வாடிப்போகும். இப்போது இந்தப் பச்சைக் கேப்ஸ்யூல்.

அம்மா அப்பா போன பிறகு வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். தினமும் காலையில், உடம்பு எப்படி இருக்கிறது என்று அக்கா கேட்பாள். எங்கெங்கே வலிக்கிறது, போர்வை பட்டால்கூட எப்படி எரிகிறது என்று தங்கை சொல்வாள். ஆரம்பத்தில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, காலைப் பிடித்துவிட்டபடி கேட்டாள். பிறகு சமையல் செய்தபடி கேட்டாள். ஒரு நாள் தங்கை சொல்லிக்கொண்டிருக்கும்போதே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். படியிறங்கும்போதுதான் தான் செய்தது உறைத்தது. ஆனாலும் திரும்பிப் போகவில்லை.

வெளியே சொல்லக் கூசுகிற சந்தேகம் ஒன்று அவள் மனதில் வேர்விட்டிருந்தது. ஒருவேளை எல்லாம் மனசுதானோ? அப்படியிருந்தால் நல்லதுதான். மனசுக்கு வைத்தியம் இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை குளிக்கப் போனதும், அக்கா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். புட்டியைக் கவிழ்த்து, கேப்ஸ்யூல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளே இருந்த தூளைத் தட்டிவிட்டு, வெறும் சோள மாவை அடைத்து மூடினாள். கைக்குப் பழகிய வேலைதான். ஆனாலும் மாவு மேஜையெல்லாம் சிந்தியது.

அடுத்த நாள் காலையில், "இன்னிக்குப் பரவாயில்லைக்கா," என்றாள் தங்கை.

அதன் பிறகு தினமும் பரவாயில்லைதான். பஸ்ஸை விட்டுவிட்டு பார்லருக்கு நடந்தே போக ஆரம்பித்தாள். காய்கறிப் பையை அக்காவிடம் கொடுக்காமல் தானே மாடிக்குத் தூக்கி வந்தாள். சாப்பிடும்போது பார்லர் கதைகளெல்லாம் சொன்னாள். கல்யாண ஃபோட்டோவைக் காட்டி, இதே மாதிரி ஆக்கிவிடு என்று ஓர் அம்மாள் கேட்டாளாம். எனக்கு முடியைத்தான் வெட்டத் தெரியும், வயசை வெட்டத் தெரியாது என்றாளாம் இவள். அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. சாப்பிட்ட கையோடு தங்கை தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். நிம்மதியாகத் தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டு அக்காவும் நன்றாகத் தூங்கினாள்.

புட்டி காலியாகும் நிலைக்கு வந்தது. இனிமேலும் மறைப்பது தப்பு என்று அக்காவுக்குப் பட்டது. மனநல டாக்டர் ஒருவரிடம் பேசி, நேரமும் வாங்கி வைத்தாள்.

அன்று மாலை தங்கை கேரட் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே போய் உட்கார்ந்து அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். கோபித்துக்கொள்ளாதே என்றாள். வெறும் மாவிலேயே சரியாகிவிட்டது என்றால் வலி உடம்பில் இல்லை, மனசில் இருக்கிறது, அதை முழுசாகக் குணப்படுத்தலாம், நானும் கூட வருகிறேன் என்றாள்.

தங்கை கத்தியைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் கோபம் எதுவும் இல்லை.

"எப்ப மாத்தினே?"

"போன மாசம். நீ குளிக்கப் போனப்ப."

"அதுக்கு முன்னாடியே நிறுத்திட்டேன்க்கா. வயித்தைப் புரட்டிச்சு. நீ கவலைப்படுவேன்னு தினமும் ஒண்ணு எடுத்துக் குப்பையில போட்டுட்டிருந்தேன்."

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்ப வலி எப்படிடி போச்சு?"

தங்கை, குழந்தைக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னாள்.

"எங்கக்கா போச்சு? அது அப்படியேதான் இருக்கு. கேட்டுக் கேட்டு நீ களைச்சுப் போயிட்டே. அதான் சொல்றதை நிறுத்திட்டேன்."