உப்பு மண்ணில் பத்து வருடம்

குடும்பக் கல்லறையைத் திறந்து, பழைய எலும்புகளை ஒதுக்கிவிட்டு, ரெஜினாளின் மாமியாரையும் அதிலேயே அடக்கம் செய்வதாக இருந்தது. குழி தோண்டும் சூசை மண்வெட்டியைப் போட்டுவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

"எக்கா, அண்ணன் அப்படியே கிடக்காவ. ஆத்தா பெட்டிய எங்க வைக்க?"

பத்து வருடத்துக்கு முன் இறந்த அவள் கணவன் கஸ்பார் சாம்பல் நிறத்தில் பளபளத்தான். அவனை வைத்த பெட்டி மக்கிப்போய், ஆணிகள்கூடத் துருப்பிடித்து உதிர்ந்திருந்தன. தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல்களுக்குத் துருத்தடுப்புப் பூச்சு அடித்தவன் அவன். அவன் மூச்சு முட்டிக் கிடந்தபோது கம்பெனி டாக்டர், பூச்சு இரும்பில்தான் ஒட்டும், உடம்பில் ஒட்டாது என்று எழுதிக் கொடுத்துக் கைகழுவிவிட்டார்.

"மூடாதீங்க" என்று சொல்லிவிட்டு ரெஜினாள் கம்பெனிக்கு ஆள் அனுப்பினாள்.

இன்ஜினியர் வந்தார். குழிக்குள் இறங்கி, கஸ்பாரின் கையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"உப்பு மண்ணுல பத்து வருஷம்! ஒரு புள்ளி துரு இல்ல. எத்தன கோட்டிங்மா அடிச்சாரு?"

"அவிய கப்பலுக்குத்தான் அடிச்சாவ" என்றாள் ரெஜினாள்.